சூரியனைப் பார்க்கும் ட்ரையாஸ்

ஆல்ப்ஸ் உச்சியிலும் துருவப் பகுதியிலும் பாறையை ஒட்டிப் படரும் ட்ரையாஸ் செடியைச் குளிர்தேசத்துச் சட்டன் நகரில், எங்கள் வீட்டில் சாடியில் வளர்த்தேன். மலைவாசிகள் அதன் இலையை வயிற்றுக் கோளாறுக்குத் தேநீராகக் காய்ச்சினார்கள், வாய்ப்புண்ணுக்கு அதில் கொப்பளித்தார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு அதன்மேல் பித்து.

முதல் குளிர்காலத்தில் அம்மா கறிவேப்பிலைச் சாடியோடு அதையும் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வசந்தம் வந்தும் மொட்டே வரவில்லை. அடுத்த குளிரில் வெளியே தூக்கி வைத்தேன்.

“பாவம் பிள்ளை, விறைச்சுச் செத்துப்போகும்.”

“குளிர் பட்டால்தான் இது பூக்கும், அம்மா.”

“அப்ப உன்னையும் வெளியில விடட்டோ?”

மே மாதம் எட்டு இதழ்களோடு வெள்ளைப் பூ விரிந்தது. சூரியன் நகர நகரக் கிண்ணம்போன்ற அந்தப் பூவும் அதன் பக்கம் திரும்பியது. அப்படித்தான் அது வெயிலை நடுவில் சேர்த்துச் சூடாகிறது என்றேன். அம்மா விரலை உள்ளே வைத்துப் பார்த்தார்.

“ஓம், இதுக்குச் சொந்த ஹீட்டர் இருக்கு. முன்னமே சொல்லியிருக்கலாமே!”