சீர் கொண்டுபோன வேன்

ஆட்டோ ஓட்டிப் பழகியவள் வேன் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், முதலில் ஒரு வாழைத்தார் போகும் என்பேன். வேன் வாங்கிய வாரத்தில் கடலாடி கடைத்தெருவில் இடது பக்கம் திரும்பினேன். மூக்கு அழகாகத் திரும்பிவிட்டது. அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோவில் அப்படித்தான், முன்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரம் போன வழியில் மற்ற இரண்டும் பேசாமல் வந்துவிடும். வேனுக்கு வால் உண்டு, மூக்கு இடது பக்கம் போனால் வால் வலது பக்கம் வீசும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பின்பக்கத்து ஏணி, பழக்கடை வாசலில் தொங்கிய தாரைக் கயிற்றோடு மாட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பார்த்தால் ஏணியில் தார் ஆடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் பைக்கில் பின்னாலேயே வந்து நின்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்; சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

பல வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டியவள் நான். மிளகாய் பறிக்கப் போகும் பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று ஆட்கள் கூடிக்கொண்டே போனதால், நானும் என் வீட்டுக்காரரும் யோசித்து இருபது சீட்டு வேன் ஒன்றை எடுத்தோம். அவருக்கு மிளகாய்த் தோட்டம் போதும். வண்டி என்றால் மாட்டு வண்டிக்கு மேல் ஆசை கிடையாது. ஆகவே ஓட்டப்போவது நான்தான் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. சந்தேகமெல்லாம் ஊருக்குத்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் ஊரைச் சொல்லி என்ன, முதல் மாதம் அந்த வேன் எனக்கு அடங்கவில்லை. ஆட்டோவில் நான் நடுவில் உட்காருவேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தூரம். வேனில் வலது ஓரத்தில் உட்கார்ந்தால் இடது பக்கம் எங்கேயோ அயலூரில் இருக்கிறது. தட்டை மூக்கு வண்டி என்பதால் முன்சக்கரம் என் காலுக்கு நேர் கீழே ஓடியது. ஆட்டோப் புத்தியில் இடைவெளியைக் கண்டால் நுழையத்தான் கை போகும். பாதி நுழைந்த பிறகுதான் பின்னால் இன்னும் ஒரு வீடு வரவேண்டியிருக்கிறது என்ற நினைப்பு வரும்.

பின்னால் எடுப்பதுதான் பெரும்பாடு. அதற்கு என் வீட்டுக்காரர் ஒரு வழி செய்தார். கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, மேலே வெள்ளை பூத்துக் கிடக்கும். நெல் லாரி ஏறினாலும் அமுங்காது. அங்கே தெருவில் இருந்த பிளாஸ்டிக் குடங்களையெல்லாம் வாங்கி வந்து இரண்டு வரிசையாக வைத்தார். அவற்றுக்கு நடுவே நான் வேனைப் பின்னால் எடுக்க வேண்டும். அவர் வாயைத் திறக்க மாட்டார். வண்டியின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். கண்ணாடியைப் பார், என் கையைக் கேள், வேறு யாரையும் கேட்காதே என்பதுதான் பாடம். தண்ணீருக்குத் தவம் கிடக்கிற ஊரில் குடத்தை நசுக்கினால் சும்மா விடுவார்களா? பச்சைக்குடத்துக்காரி ஒருத்தி, புதுக்குடம் வாங்கிக் கொடுத்த பிறகும் பழைய குடத்துக்கு ஒப்பாரி வைத்தாள். கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் என்னைக் குடம் உடைச்சவ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் ஒருநாள் சாயங்காலம், முழு வரிசையையும் ஒரு குடம்கூடச் சாயாமல் பின்னால் எடுத்து முடித்தேன். இறங்கி வந்து எல்லாக் குடத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிருக்கு அளவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தங்கச்சியை வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் வரவேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். எங்கள் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். நாள் குறிக்கப் போனபோது அவள் மாமியார், ஆம்பளப் புள்ள இல்லாத வீட்டிலிருந்து சீர் எப்படி வருமோ என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டார். கெட்ட மனசில் சொன்ன பேச்சில்லை, கவலையில் வந்ததுதான். இருந்தாலும் தங்கச்சிக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. சித்தப்பா மகன் சவூதியில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. அவனுக்குப் பதிலாகச் சித்தப்பாவே மாலை போட்டுக்கொண்டு உட்காருவது என்று முடிவானது. தங்கச்சி எனக்குப் போன் செய்தாள்.

“யாரு வேணா உக்காரட்டுக்கா. ஆனா சீரு நம்ம வேன்ல வரணும், நீதான் ஓட்டியாரணும். வாடகை வண்டியில வந்து எறங்கிறாத.”

எனக்கு அது போதும்.

அன்றைக்குக் காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, என் வீட்டுக்காரரும் சொந்தக்காரர்களுமாகப் புறப்பட்டோம். பழத்தட்டு, பட்டுப்பாவாடை, கொலுசு, மாலைக்கூடை எல்லாம் நடுவில். கடைசி சீட்டோடு கட்டிய கிடா, வழி முழுக்கக் கத்தியது. நானும் சும்மா போகவில்லை, கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டியிருந்தேன். சித்தப்பா எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஒரு நல்ல டிரைவரைப் போட்டிருக்கலாம் என்று சாயல்குடி ரோடு தாண்டுவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டார். நான் ஹாரன் அடித்தேன், எதிரே யாரும் இல்லாதபோதும்.

உப்பளத்துப் பக்கம் வந்ததும் ரோடு ஒடுங்கிவிட்டது. ஒரு பக்கம் உப்புத்தண்ணீர் வாய்க்கால், இன்னொரு பக்கம் வெள்ளை வெளேரென்று காய்ந்த தரை. எதிரே உப்பு ஏற்றிய லாரி வந்தது. நான் ஒதுங்க வேண்டும். இடது பக்கத்துத் தரையைப் பார்த்தேன். மேலே வெடிப்பு, வெடிப்பின் மேல் வெள்ளைப் பூப்பு. எங்கள் கண்மாயைப் பார்த்த மாதிரியே இருந்தது. துளிகூட யோசிக்காமல் அந்தப் பக்கம் ஒடித்து இறக்கினேன். லாரி உரசாமல் போய்விட்டது. அதே நேரம் என் காலுக்குக் கீழே முன்சக்கரம் இரண்டும் மெதுவாக உள்ளே போயின. அது எனக்குப் பாதத்திலேயே தெரிந்தது.

இறங்கிக் கால் வைத்தேன். அந்த வெள்ளை, அப்பளம் மாதிரி நொறுங்கிப் பட்டுச்சேலையோடு கணுக்கால் வரை சேறு. கண்மாயில் வெள்ளை பூத்தால் அடிவரை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். உப்பளத்தில் வெள்ளை பூத்தால் அது மேலே போட்ட போர்வைதான். மேட்டாங்காட்டுக்காரிக்கு அது எங்கே தெரியும்? நல்லவேளை, பின்சக்கரம் இரண்டும் இன்னும் சரளைமேட்டில் நின்றன.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள். சித்தப்பா சேற்றைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுக்குத்தான் ஆத்தா அப்பவே சொன்னேன். தட்டத் தலையில தூக்குங்க, நடந்தே போயிருவோம். நேரம் தப்பிறக் கூடாது.”

வண்டியைச் சேற்றில் விட்டுவிட்டு, வெயிலில் தட்டைச் சுமந்துகொண்டு நாங்கள் ஊருக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தேன். தங்கச்சி முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். லாரிக்காரத் தம்பி கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். இறங்குங்கக்கா, நான் எடுத்துத் தாரேன் என்று நல்ல மனசோடுதான் சொன்னார். ஒருதரம் நான் எடுத்துப் பார்க்கிறேன், முடியாவிட்டால் உங்கள் கயிறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அதற்குள் பின்னால் ஊரே கூடிவிட்டது. நம் ஊரில் ஒரு வண்டி பின்னால் வந்தால் வாய் இருக்கிறவனெல்லாம் கிளீனர்தான். ஒருத்தர் லெப்டு என்கிறார், இன்னொருத்தர் ஒடி ஒடி என்கிறார், பெரியத்தா ஒருத்தி சாமியைக் கூப்பிடுகிறாள், கிடா தன் பங்குக்குக் கத்துகிறது. கொஞ்சம் கோணினாலும் பின்சக்கரம் மேட்டை விட்டு இறங்கிவிடும், அல்லது வால் போய் வாய்க்காலில் உட்கார்ந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

“எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க. அவுக தட்டுறது மட்டும்தான் எனக்குக் கேக்கணும்.”

பெரியவர்களைப் பார்த்து நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லாரும் அடங்கிப்போனார்கள். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போனார். இரண்டு தட்டு கேட்டது.

ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் கால் துடித்தது. மிதித்தால் சக்கரம் சுற்றிக் குழி தோண்டும், அவ்வளவுதான். கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கண்ணாடியில் நான் வந்த தடம் தெரிந்தது. அந்தத் தடத்தின் இரண்டு பக்கமும் குடங்கள் நிற்பதாகவே வைத்துக்கொண்டேன். பச்சைக்குடத்தைக்கூட ஞாபகமாக அதன் இடத்தில் வைத்தேன். இரண்டு தட்டு. வண்டி முக்கியது. ஒரு தட்டு. நின்றேன். ஸ்டியரிங்கை விரற்கடை அளவு திருப்பினேன். மறுபடி இரண்டு தட்டு. சேறு சப்பென்று விட்ட சத்தம் கேட்டது. முதலில் வலது சக்கரம், பிறகு இடது சக்கரம் மேட்டில் ஏறியது எனக்குப் பாதத்தில் தெரிந்தது. வேன் நாலு காலில் ரோட்டின் மேல் நின்றது. லாரிக்காரத் தம்பி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம். நான் எடுத்துவிட்டேன், நானே எடுத்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மீதி வழியில் சித்தப்பா பிரேக் மிதிக்கவில்லை.

ஊர் எல்லையில் மேளத்தோடு காத்திருந்தார்கள். சீர் வண்டியை எதிர்கொண்டு வந்த தங்கச்சி மாமியார், டிரைவர் சீட்டில் என்னைப் பார்த்ததும் ஆரத்தித் தட்டோடு ஒரு நொடி நின்றுவிட்டார். பிறகு வண்டிக்கும் சுற்றினார், எனக்கும் சுற்றினார். தங்கச்சி கூட்டத்துக்குப் பின்னால் நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோவில் வாசலில் மனையைப் போட்டு, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா எழுந்தார். மாலையைக் கழுத்தில் போட வந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த மாலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“சீரு கொண்டாந்தவதான தாய்மாமன்? நான் பக்கத்துல உக்காந்து வந்தவன். அவ அங்கன நிக்கிறா, அவள உக்காரச் சொல்லுங்க.”

தங்கச்சி மாமியார்தான் முதலில் அசைந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, உக்காரு ஆத்தா, நேரமாகுது என்றார்.

நான் மனையில் உட்கார்ந்தேன். சித்தப்பாவே எனக்கு மாலை போட்டார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தங்கச்சி மகள் என் மடியில் ஏறினாள். ஊசி பட்டதும் ஊரைக் கூட்டினாள், என் கையைக் கடித்தாள். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன், எனக்கு வலிக்காமலே.

பிற்பாடு போட்டோக்காரர் ஆல்பம் போடுவதற்கு முன்னால் போன் செய்தார். மாலையும் கழுத்துமாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் இருக்கிற படம் நன்றாக வந்திருக்கிறதாம். சேலைக்கரை முழுக்கச் சேறு காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, கம்ப்யூட்டரில் அழித்துத் தரட்டுமா என்று கேட்டார்.

இருக்கட்டும் என்றேன். வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிற மாதிரி போடுங்கள் என்றேன்.