முதலில் படும் கை

பின்லாந்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், இருவருக்கு நடுவே ஒரு எருமையைக் கட்டலாம் என்கிற அளவுக்குத் தள்ளி நிற்கிறார்கள். வந்த புதிதில், விதவை என்று தெரிந்துதான் என்னை ஒதுக்குகிறார்களோ என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். எங்கள் ஊர் எருமப்பட்டியில் நான் எதிரே வந்தால் நின்று, செருப்பை உதறிவிட்டு, அப்புறம் புறப்பட்டவர்களைப் பார்த்தவள் நான். இந்த ஒதுக்கல் எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

என் மகள் கோகிலா இங்கே விஞ்ஞானி. அவளுடைய கருவி, தங்க முலாம் பூசிய தேரைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல இருக்கும். அதற்குள் இருக்கும் குளிருக்கு இந்த ஊர்ப் பனியெல்லாம் பங்குனி வெயில். அந்தக் குளிரில் கண்ணுக்குத் தெரியாத துளிகளை அடக்கிக் கணக்குப் போட வைக்கிறார்களாம். நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டினாள். வருடத்தில் ஒரு நாளை உலகம் முழுக்கக் குவாண்டம் தினமாகக் கொண்டாடி, ஆய்வுக்கூடத்தை ஊருக்குத் திறந்துவிடுகிறார்கள். நமக்கு அது சித்திரை ஒன்று. இந்த முறை கோகிலா பொத்தானை அமுக்கி, அந்தக் கருவியை எல்லார் முன்னாலும் முதன்முதலாக ஓட்டிக் காட்டவேண்டும். பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

ஆய்வுக்கூடத் தலைவர் அவள் பெயரைச் சொன்னார். அவள் விரலை நீட்டியதும் நான் எழுந்துபோய் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“வேண்டாஞ் சாமி. வருசப் பொறப்பு. தாலியறுத்த கை மொதல்ல படக்கூடாது. புருசனோட நிக்குதே, அந்தப் புள்ளையத் தொடச் சொல்லு.”

கோகிலாவின் கணவர் இறந்து ஆறு வருடம். அவள் என்னைப் பார்த்தாள். தலைவர் என்னவென்று கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் நெஞ்சில் கைவைத்து எனக்குத் தலை குனிந்தார். கூட்டம் கை தட்டியது. கூட வேலை செய்யும் அந்த வெள்ளைக்காரப் பெண் வந்து பொத்தானை அமுக்கினாள். திரையில் எண்கள் ஓடின. கோகிலாவும் கை தட்டினாள்.

அவள் கல்யாணம் சேந்தமங்கலத்து மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டும்போது நான் சமையல்கட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். மாலையும் கழுத்துமாக ஓடி வந்து, “நீ வராம நான் ஒக்கார மாட்டேன்” என்று இழுத்தாள். நான் பிடித்துத் தள்ளினேன். என் கண் படாவிட்டால் அவள் புருஷன் நூறு வயது இருப்பார் என்று நம்பினேன். அப்படி மறைந்து நின்றும் அவர் தங்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் அவள் கையைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் சொன்னாள்.

“சின்னவங்களுக்கு எடம் உடச் சொல்றீங்கன்னு சொன்னேன். பெரிய மனசாம் உங்களுக்கு. நாலு வருசமா அந்த மெசின் என் கையிலதான் கெடந்துது. அதுக்குத் தெரியல, நான் முண்டச்சின்னு. உங்களுக்குத் தெரிஞ்சுது.”

“சகுனத்தச் சொன்னேன்.”

“ஊருக்குப் போயிருங்க. அங்க சொல்லுங்க.”

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து ஆள் வைத்துக் காடு கழனி பார்த்தவளுக்கு வாய் வரவில்லை. அவள் டிக்கெட் போட்டுவிட்டாள்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

“உங்க ஊடுங்கக்கா, எப்ப வேணா வாங்க. ஆனா வைகாசில பையன் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. அது முடியட்டுங்க. ஆனில வந்தீங்கன்னா நல்லாருக்கும்.”

“சரி சாமி” என்றேன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? சின்ன வயதில் அவனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

கோகிலாவிடம் சொன்னேன். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. டிக்கெட்டை ஆனிக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இன்றுவரை பேச்சில்லை. கட்டிய பெட்டியை நான் பிரிக்கவில்லை. காலையில் குளிருக்கு அதைத் திறந்து ஸ்வெட்டரை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். அவள் வேலை முடிந்து வருவதற்குள் மடித்து, சேலைகளுக்கு மேல் வைத்து, பெட்டியை மூடிவிடுகிறேன்.