மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பியது

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. மாடியறையில் உட்கார்ந்து, இன்னும் முழுசாகப் பிறக்காத குவாண்டம் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது என் வேலை. வேலை என்றால் சம்பளம் கிடையாது. ஓப்பன் சோர்ஸ். எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திட்டலாம். வயிற்றுப்பாட்டுக்கு வேறு கம்பெனி இருந்தது.

ஏழு வருடமாக அந்தத் திட்டத்தை நானும் இன்னொருவரும்தான் கட்டிக்காத்தோம். அவர் கடல் தாண்டி ஒரு குளிர்தேசத்தில் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். முகம் பார்த்ததில்லை. "அந்த மெஷின் நிஜமாக வரும்போது நான் இருக்க மாட்டேன், நீங்களாவது பாருங்கள்" என்று வேடிக்கையாக எழுதுவார். எங்களுக்குள் ஒரு வழக்கம்: ஒருவர் எழுதியதை மற்றவர் சோதித்துச் சரி சொன்னால்தான் உள்ளே போகும்.

போன வருடம் அவர் ஒரு திருத்தம் அனுப்பினார். நான் எழுதி வைத்திருந்த சோதனை நிரலில் ஓட்டினால் விடை தவறாக வந்தது. திருப்பினேன். மறுபடி அனுப்பினார், அதே தவறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு கரன்ட் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறையும் அனுப்பி, "நான் பார்த்தவரை சரியாக இருக்கிறதே" என்றார். உலகமே படிக்கும் இடத்தில் எழுதினேன்: "இந்த அடிப்படைகூட இப்போது உங்களுக்குப் பிடிபடவில்லை. ஓய்வெடுப்பது நல்லது."

காபி கொண்டுவந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாங்க, சம்பளமும் இல்ல, சண்ட மட்டும் நல்லா போடுறீங்க. பெரியவருன்னு சொன்னீங்களே?"

"உனுக்கு இன்னா தெரியும்? போ."

அவர் பதில் ஒரே வரி: "நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்." அதன்பின் பேச்சில்லை. ரோஷக்காரர் என்று நானும் விட்டுவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நான்கு மாதம் கழித்து யாரோ புதியவர் ஒரு குறிப்பு போட்டார்: என் சோதனையே தவறு. குவாண்டம் கம்ப்யூட்டரில் க்யூபிட் என்கிற அடிப்படை அலகுகளை வரிசையாக எண்ண வேண்டும். எங்கள் திட்டம் வலமிருந்து எண்ணும். அந்தச் சோதனையை எழுதிய அன்று நான் இடமிருந்து எண்ணியிருக்கிறேன். சிங்கவரம் பஸ்ஸில் மூன்றாவது சீட் என்றால் முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா என்கிற மாதிரி. இந்தத் துறையில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழை. அவர் அனுப்பிய மூன்றும் சரி.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அன்று இரவே உட்கார்ந்தேன். தவறு முழுக்க என்னுடையது, மன்னியுங்கள், திரும்பி வாருங்கள் என்று நீளமாக எழுதினேன். பத்து நாள் கழித்து அவருடைய மகள் பதில் எழுதினார்.

அப்பாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டே போகும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்களாம். அவர் நம்பவில்லையாம். "என் வேலை சோதனையில் தேறிக்கொண்டிருக்கும்வரை எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டில் எல்லோரிடமும் வாதாடுவாராம். நான் எழுதியதைப் படித்த அன்று கம்ப்யூட்டரை மூடிவைத்து, "டாக்டர் சொன்னது சரிதான்" என்றாராம். பிறகு அதைத் தொடவேயில்லை.

"உங்கள் கடிதத்தை நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன்," என்று மகள் முடித்திருந்தார். "கடைசிவரை அமைதியாகக் கேட்டார். பிறகு, 'பாவம், ரொம்ப வருத்தப்படுகிறாரே, யார் இவர்?' என்றார்."