மூன்றாவது முறை கேட்க வேண்டும்

லாஸ் ஏஞ்சலஸின் கொரியர் பகுதியில் மியுங்ஹியைப் போல ஒரு மருமகள் கிடையாது என்று சர்ச்சில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நினைவு மங்கிப்போன மாமியார் போக்சுன்னோடு மியுங்ஹி மட்டும் இருந்தாள், வலிக்கும் கடைவாய்ப் பல்லோடு. டாக்டரிடம் போகலாம், மாமியாரை யாரிடம் விட்டுப் போவது? கணவன் சலவைக் கடையைத் திறந்தால் இரவுதான் வருவான்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து மறதி நோய் ஆய்வுக்கு ஆள் வரும் செய்தி வந்தது. தேவைப்படும் குடும்பத்துக்கு வாரம் இரண்டு நாள் துணைக்கு ஒரு பெண்ணை அனுப்புவார்களாம். கேட்டதுமே மியுங்ஹிக்குப் பாதி வலி குறைந்தது.

ஆனால் வருவது விருந்தாளி அல்லவா? காலையிலிருந்து வீட்டைத் தேய்த்தாள். அடுப்பைத் திருக முடியாதபடி கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். கதவில் ஒட்டியிருந்த 'வெளியே போகாதீங்க' தாளைக் கிழித்தாள். மாமியாருக்குப் பட்டு உடுத்திச் சோபாவில் அமர்த்தினாள். அது கஷ்டப்படும் வீடு என்பதற்கு ஒரு சாட்சியும் மிச்சமில்லை.

வந்தவள் யூனிஸ், இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியப் பெண். பேரிக்காய்த் துண்டுகளைத் தின்றபடி கேட்டாள். தூக்கம் கெடுகிறதா? இல்லை. சிரமம்? மாமியாரைப் பார்ப்பதில் என்ன சிரமம்? கோபம் வருமா? மியுங்ஹி வாயைப் பொத்திச் சிரித்தாள். பல்லில் வலி தெறித்தது.

"துணைக்கு ஆள் அனுப்பட்டுமாக்கா?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

முதல் தடவையே சரி என்று சொல்ல அவள் என்ன வளர்ப்பில்லாதவளா? இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறை அரைமனதாகத் தலையாட்டுவதுதான் முறை. யூனிஸோ பேனாவை மூடிவிட்டாள். ஆசியக் குடும்பங்கள் சிரித்த முகத்தோடு எல்லாம் தாங்கும் என்று தன் பேராசிரியர் எழுதியது சரிதான் என்று மெச்சிக்கொண்டே செருப்பை மாட்டினாள். வாசலில் நின்ற மியுங்ஹிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ஏம்மா படிச்ச பொண்ணே, இங்க வா," என்றாள் போக்சுன் சோபாவிலிருந்து. "இந்த வேலைக்காரப் பொண்ணுக்கு லீவே கிடையாது. யார் பெத்த பொண்ணோ. பல்வலி வேற. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. ஒரே ஒரு தடவை கேட்டுட்டு ஓடுறியே, உங்க வீட்ல இதான் பழக்கமா?"

மருமகளை மறந்துவிட்ட அந்த மனதில் மருமகளின் பல்வலி மட்டும் தங்கியிருந்தது.

யூனிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இரண்டாவது முறை கேட்டாள். மியுங்ஹி அழுதுகொண்டே வேண்டாம் என்றாள். யூனிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

"நீங்க இவ்வளவு வற்புறுத்துறதால..." என்றாள் மியுங்ஹி, விசும்பலுக்கு நடுவே.

போக்சுன் திருப்தியோடு ஒரு பேரிக்காய்த் துண்டை எடுத்து, வேலைக்காரிக்கு வலிக்காத பக்கமாகப் பார்த்து ஊட்டினாள்.