முதல் பந்தியில் ஒரு நாள்

பத்து வருஷத்துக்கு முந்தைய ஓர் அறுப்பின் பண்டிகை அது. பாலக்கரையில் எங்கள் சர்ச். ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து. காலை ஆறு மணிக்கே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

சர்ச்சில் எந்த வேலை என்றாலும் நான்தான். பீடத்துணி துவைப்பது, பெருக்குவது, அண்டா கழுவுவது எல்லாம். விருந்தன்று பந்தியில் உட்காரவே மாட்டேன். எல்லோரும் போன பிறகு நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். "என்ன பக்தி!" என்பார்கள். பக்தியாவது மண்ணாவது! காரணம் எனக்குத்தான் தெரியும்.

அம்மா இறந்தபோது அவருடைய செயினைக் காணவில்லை. கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அண்ணி. உறவுக்காரர்கள் கூடியிருந்த வீட்டில், "கூட இருந்தவங்களைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து அம்மாவின் பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்தால், உள்ளே செயின்! பிரசங்கம் கேட்டே வளர்ந்த குடும்பத்தில் அதுவரை ஒருவரும் அந்தப் பைபிளைத் திறக்கவே இல்லை.

ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, அண்ணி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. டாலரை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று மகளுக்குப் போட்டுவிட்டேன். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? அதை அடக்கத்தான் அத்தனை வேலையும். ஞாயிறுதோறும் பீடத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கினால், நான் பின்பக்கம் ஓடிவிடுவேன்.

அந்தப் பண்டிகையன்று குழம்பு சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பூரி மாதிரி வீங்கிவிட்டது. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று என் உடம்பைக் கேலி செய்தபடியே பெண்கள் என்னைத் தாங்கிப் பிடித்து, முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். கையில் வேலை இல்லாமல் இலை முன்னால் இருந்தபோது அழுகை முட்டியது.

சோற்று வாளியுடன் எதிரே வந்து நின்றவர் அண்ணி.

"எனக்கு வேணாம் அண்ணி. ஒண்ணு சொல்லணும். அந்தச் செயின்..."

"தெரியும்மா. உன் பொண்ணு திடப்படுத்தல் அன்னைக்குப் போட்டுட்டு வந்தாளே. அத்தை செயின் எனக்குத் தெரியாதா?"

மகளைச் சபையின் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட அந்தத் திடப்படுத்தல் ஆராதனை நடந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ சர்ச்சுக்கே வராம போயிடுவியோன்னு பயந்தேன். அன்னைக்கே மன்னிச்சாச்சு. சோறு ஆறுது, சாப்பிடு."

கண்ணீரும் சாம்பாருமாகச் சாப்பிட்டேன். வருஷக்கணக்கில் அண்டாவைத் தேய்த்துத் தேய்த்து நான் சம்பாதிக்கப் பார்த்தது, கேட்பதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. கிருபை, இளைப்பாறுதல் என்று நூறு பிரசங்கங்களில் கேட்ட வார்த்தைகள் அந்த இலையின் முன்னால்தான் எனக்குப் புரிந்தன. மறுவாரமே உறவுக்காரர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அண்ணி இப்போது மகனோடு வெளியூரில் இருக்கிறார். பீடத்துப் பூ வாசம் வந்தால் இன்றும் பஸ் நிறுத்தத்தைத்தான் என் கண் தேடும். விருந்தன்று இப்போதும் அண்டா கழுவுகிறேன். ஆனால் முதல் பந்தியில் உட்கார்ந்து, அண்ணியை நினைத்துக்கொண்டே வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான்.