சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சைரன்

மகனின் கேம் கன்சோலை எங்கள் பழைய ஹோம் தியேட்டரில் இணைத்தேன். சத்தமே வரவில்லை. வால்யூமை முழுவதும் ஏற்றிவிட்டு, வயரை வேறு துளையில் மாற்றிச் செருகினேன். விளையாட்டில் அடித்த அபாயச் சைரன் எங்கள் சுரங்க ஊழியர் குவார்ட்டர்ஸையே உலுக்கியது. பதறி அணைத்தேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், பக்கத்து வீட்டுப் பெண் செருப்பில்லாமல் நின்றார். அவர் கணவர் மைன்ஸில் ஷிஃப்டில் இருந்தார்.

"சைரன் கேட்டுச்சேண்ணா, மைன்ஸ்ல எதுனா ஆயிடுச்சாங்க? அவரு போனை எடுக்கல."

ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் மறுபடி அழைத்ததில் கணவர் குரல் கேட்டதும் அழுதுவிட்டார். அப்புறம்தான் அது விளையாட்டில் அடித்த சைரன் என்று சொன்னேன்.

"சரிங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது வால்யூமை முழுவதும் குறைத்த பிறகே வயரைத் தொடுகிறேன். அவர் கணவரின் சைக்கிள் வாசலில் இல்லாதபோது அந்த ஹோம் தியேட்டரைப் போடுவதே இல்லை.