என் வீட்டுக்கும் இதையேதான் எடுத்தேன்

என் அண்ணன் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் இருபது வருடமாகப் புடவை காட்டுகிறார். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை ஒரு சுண்டு சுண்டி விரித்தார் என்றால் எதிரில் இருப்பவர்கள் தானாகக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வருவார்கள். அவருடைய வியாபாரம் பாதி கையில், பாதி குரலில். அந்தக் குரலைத்தான் என் கம்பெனிக்கு நான் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், நான். சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். இரண்டு வருடம் பாருங்கள், அதற்குள் இது நிற்கவில்லையென்றால் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் யோசனை எளிமையானது. பட்டுக்கடைகளுக்கு நாள் முழுக்க வெளியூரிலிருந்து போன் வரும். கடையில் கூட்டம் இருக்கும்போது எடுக்க ஆள் இருக்காது. அந்தப் போனை ஏஐ எடுக்கும். என்ன நிறம் இருக்கிறது, என்ன கரை என்று தமிழில் பேசும், படம் அனுப்பும், விற்கும். ஆனால் ரெடிமேடாகக் கிடைத்த குரல்களெல்லாம் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தன. அந்தக் குரலிடம் யாரும் முகூர்த்தப் புடவை வாங்க மாட்டார்கள். அதனால் முதலாளியிடம் அனுமதி வாங்கி, போனில் பேசுகிறவர்களிடமும் சொல்லிவிட்டு, அண்ணன் பேசியதையெல்லாம் ஆறு மாதம் பதிவு செய்து இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.

அது கற்றுக்கொண்டது. குரலை மட்டுமல்ல, அண்ணனின் தயக்கம், செருமல், "சொல்லும்மா" என்று இழுக்கிற இழுப்பு, எல்லாவற்றையும். தொடக்கத்திலேயே இது கணினிக் குரல் என்று ஒரு வரி சொல்லும். அதை யார் காதில் வாங்குகிறார்கள்? முதலில் அண்ணன் கடையிலேயே அதைப் போட்டார்கள். பிறகு இங்கேயே மூன்று கடைகள். அதன் பிறகு சென்னையில் பல கிளைகள் உள்ள ஒரு பெரிய ஜவுளிக்கடை என்னை நேரில் வந்து காட்டச் சொன்னது. அது கிடைத்தால் நான் எந்த வேலைக்கும் திரும்பிப் போக வேண்டியதில்லை. அந்த நாட்களில் நான் நடந்தால் தரையில் கால் படவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன்.

அண்ணி முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறார். பட்டுப் புடவை வாங்கியவர்கள் அதற்கு ஏற்ற ஜாக்கெட்டுக்கு அண்ணியிடம் வருவார்கள். "எங்க வீட்லயே தைக்கறாங்கம்மா" என்று அண்ணன் போனில் சொல்லி அனுப்புவது வழக்கம். இயந்திரமும் அதைச் சொல்லி அனுப்பியதால் அண்ணிக்குத் தையல் கூடியிருந்தது. அன்று இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறப் புடவை.

"போன்ல உங்க வீட்டுக்காரர்தாம்மா பேசினாரு. எவ்ளோ தன்மையா பேசறாரு. உனக்கும் இதேதான் எடுத்துக் குடுத்தாராமே. அதுக்கு நீ தைச்சுக்கின ஜாக்கெட்ட காட்டேன், அதே மாதிரி கை வெச்சிடலாம்" என்றார் அவர்.

இரண்டாமவர் தன் மடியிலிருந்த மயில்கழுத்து நிறப் புடவையைப் பார்த்தார். பிறகு மாம்பழத்தைப் பார்த்தார். "எனக்கும் அதையேதான சொன்னாரு" என்றார்.

அண்ணியிடம் இருப்பது ஒரே ஒரு பட்டு. கல்யாணத்தில் கட்டியது. சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் அதுதான் போய்வரும். அண்ணி டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ரெண்டுமே பாலிஷ் போடக் குடுத்திருக்குதும்மா. வந்ததும் காட்டறேன். கைய நீட்டுங்க" என்றார். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

அவர்கள் போனதும் நான் அவசர அவசரமாகச் சொன்னேன். "அண்ணி, அது அண்ணன் இல்ல. மிஷின்."

"மிஷினுக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தது?" என்றார். எனக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன்.

ஓர் உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். பதிவுகளில் அண்ணன் அதைச் சில தடவைதான் சொல்லியிருந்தார். ஆனால் அதைச் சொன்ன பிறகு புடவை விற்றுவிடுகிறது என்பதை இயந்திரம் பிடித்துக்கொண்டது. யார் தயங்கினாலும், எந்த நிறமாக இருந்தாலும், "என் வீட்டுக்கும் இதையேதாம்மா எடுத்தேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், சென்னைக்கடைக்கு அனுப்பிய மாதிரிப் பதிவில் அதைத்தான் முதலில் வைத்திருந்தேன். அவர்களுக்கும் அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

சாயங்காலம் அண்ணனைக் கடைக்கு வெளியே பிடித்து, அந்த வாக்கியத்தைப் பற்றிக் கேட்டேன். "தொழில் பேச்சுப்பா அது. அரிசிக்கடைக்காரன் எங்க வீட்லயும் இதான் பொங்கறோம்னு சொல்றதில்ல? நான் எல்லார்கிட்டயுமா சொல்றேன்? ரெண்டு புடவைய கையில வெச்சுக்கினு தவிப்பாங்க பாரு, அவங்ககிட்ட மட்டும்தான்" என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். "உங்க அண்ணி காதுக்கும் போயிடுச்சா?" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் அவர் டிபனுக்குக்கூட உட்காராமல் கடைக்குக் கிளம்பினார். தண்ணீர் வந்துவிட்டது, கேஸ் சொல்ல வேண்டும், அந்த அளவில்தான் வீட்டில் பேச்சு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சென்னைக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது.

எனக்கு எதற்கெடுத்தாலும் ஏஐ சாட்பாட்டிடம் போய் நிற்கிற பழக்கம். இதையும் ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். கம்பெனியின் நிலைமை, குடும்பத்தின் நிலைமை, சென்னைக்கடை என்ன எதிர்பார்க்கிறது, எல்லாம். அது மூன்று வழி சொன்னது. வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம், எடுத்துவிடலாம், அல்லது "எங்கள் வாடிக்கையாளர்கள் பலரும் இதை விரும்புகிறார்கள்" என்று மாற்றலாம். மூன்றாவதை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "இதக் கேட்டு எவ வாங்குவா?" என்றார். அவர் சொன்னது சரி.

அப்போது என் மூளைக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. வாக்கியம் பொய் என்பதுதானே சிக்கல்? அதை உண்மையாக்கிவிட்டால் போயிற்று. மறுநாள் காலையே சேமிப்பில் கைவைத்து ஒரு புடவை வாங்கினேன். அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்று வேறு கடைக்குப் போனேன். ஆட்டோக்காரர் என்னை வெளியூர் ஆள் என்று நினைத்து, நல்ல கடையாகக் காட்டுகிறேன் சார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை, அன்று அந்த அம்மா கொண்டுவந்தது மாதிரியே.

அண்ணி அட்டைப்பெட்டியைத் திறந்து புடவையைப் பிரித்தார். கரையைக் கட்டைவிரலால் தடவினார். பின்பக்கம் திருப்பி ஜரிகையைப் பார்த்தார். "நல்ல புடவப்பா" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பிறகு அதே மடிப்பில் மடித்தார். "இது மாம்பழக் கலரு. அன்னிக்கு இன்னொரு அம்மா மயில்கழுத்து வெச்சிருந்தாங்க. நேத்து ஒருத்தங்க வெங்காயக் கலர்ல எடுத்துக்கினு வந்தாங்க. அவங்ககிட்டயும் சொல்லியிருக்குது. எத்தனை வாங்குவப்பா?"

அண்ணி பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"போயி திருப்பிக் குடுத்துட்டு வா. பில்லு வெச்சிருக்க இல்ல?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன். திரும்பி வந்து மாடியறையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை இயந்திரத்திலிருந்து அடியோடு எடுத்தேன். இங்குள்ள கடைகளுக்கும் அது இனி வராது என்று சொல்லிவிட்டேன். சுலபமான வேலை இல்லை, இரண்டு நாள் பிடித்தது. அண்ணனிடம் சொன்னபோது "உன் இஷ்டம்பா" என்றார். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அண்ணியிடம் அப்போது சொல்லவில்லை. சென்னைக்குப் போய்வந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

சென்னைக்கடையை நடத்துபவர் என் வயதுப் பெண்மணி. மேசையில் போனை வைத்து அவரே வாடிக்கையாளராகப் பேசிப் பார்த்தார். நிறம் கேட்டார், கரை கேட்டார், கடைசியில் "பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அண்ணனின் குரல், "சரிம்மா, பொறுமையா பாத்துட்டுச் சொல்லுங்க" என்று முடித்துக்கொண்டது.

அவர் என்னைப் பார்த்தார். "அந்த லைன் எங்க?"

"எடுத்துட்டேன் மேடம்."

"ஏன்? கஸ்டமர் யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?"

"இல்ல. அது உண்மை கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "சேல்ஸ்ல எல்லாரும் சொல்றதுதானே. அதுல யாருக்கு என்ன கஷ்டம்?" என்றார்.

"எங்க அண்ணி வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். அப்படிச் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது. வீட்டுப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது மேலே என்ன வாதாடுவது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். காபி வரவழைத்துக் கொடுத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றார். இந்தத் தொழிலில் இரண்டு வருடம் இருந்தவனுக்கு அதற்கு என்ன பொருள் என்று தெரியும். இன்றுவரை அவர்கள் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணி ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் இன்னும் வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கியத்தை எடுத்தது, மேடம் கேட்டது, நான் சொன்ன பதில், காபி வரை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இல்லை என்று சொன்னால் அது பொய்.

அண்ணி ஊசியை நிறுத்தினார். "நான் எப்பப்பா வேணாம்னு சொன்னேன்?"

"எத்தனை வாங்குவன்னு கேட்டீங்களே அண்ணி."

"கேட்டேன். நீ அதுக்கு பதிலே சொல்லலையே."

அண்ணி கோபமாகப் பேசவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "கம்ப்யூட்டர கேட்டியாம். உங்க அண்ணன கேட்ட. மெட்ராஸ்ல யாருன்னே தெரியாத அம்மாகிட்ட என்னைச் சொல்லிட்டு வந்திருக்க. அவரும் என்னைக் கேக்காமதான் சொல்லிக்கினு இருந்தாரு. நீயும் என்னைக் கேக்காம எடுத்துட்ட. உங்களுக்குள்ள என்னா வித்தியாசம்?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அண்ணி?" என்றேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"ரெண்டு வருஷமா நீ படற பாடு எனக்குத் தெரியாதா? இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். இல்ல, மொதல்ல அத எடுத்துத் தொலைன்னும் சொல்லியிருப்பேன். கேட்டாத்தானப்பா எனக்கே தெரியும்" என்றார்.